தண்ணீரைத் துடைக்கிறவர்கள்

விடியற்காலை ஐந்தரைக்கே கத்தி அக்காவின் இடது கை விரல்கள் மரத்துப்போய்விடும். பனிக்கட்டித் தட்டில் குப்புறக் கிடக்கும் மெழுகுக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கருவியில் பூட்டி, வலது கையால் சக்கரத்தைச் சுற்றுவாள். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் யாரோ ஒருவருடைய உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தலைமுடியைவிட மெல்லிய ஒரு சீவல் கத்தி மேல் நாடாவாக வழியும். அதைத் தூரிகை முனையால் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் விடுவாள். சுருக்கம் நீங்கி அது தண்ணீரில் விரிந்ததும், ஒரு கண்ணாடித் துண்டை அடியில் செருகி அப்படியே தூக்குவாள். ஒரு கை பனியில், ஒரு கை வெந்நீரில். பதினாறு வருஷமாக இதே கதைதான்.

அக்கா ஏந்திய கண்ணாடிகளைச் சாய அண்ணன் நீலத்திலும் ரோஸிலும் முக்கி எடுப்பார். அவர் நகங்கள் எப்போதும் ஊதாவாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் கை குலுக்கினால் எதிராளி தன் கையைத் துடைத்துக்கொள்கிறான் என்று சொல்லிச் சிரிப்பார். அங்கிருந்து கண்ணாடிகள் என்னிடம் வரும். நான் படக்காரி. அவற்றைத் தட்டில் அடுக்கி, கண்ணாடியைப் படமாக மாற்றும் இயந்திரத்துக்குள் தள்ளுவது என் வேலை. எவ்வளவு போட்டாலும் போதாது என்று நிற்பதால் அதற்கு நாங்கள் யானை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

யானை வருவதற்கு முன்னால் அடுத்த அறையில் ஒரு டாக்டர் இருந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்து, இது புற்று, இது இல்லை என்று எழுதுவார். இப்போது அந்த அறையில் காலி அட்டைப்பெட்டிகள். படம் எங்கோ இருக்கும் ஒரு டாக்டரின் திரைக்குப் போகிறது, ரிப்போர்ட் திரும்பி வருகிறது. இயந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல டாக்டர் இல்லாத ஊரில் இருப்பவளின் கட்டியையும் ஒரு நல்ல டாக்டர் பார்க்க முடிகிறது என்றால் அது பெரிய விஷயம். யானையைக் காட்டி எங்களை விரட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்து பேர் சீவிய இடத்தில் இப்போது இரண்டே பேர், கத்தி அக்காவும் சின்னக் கத்தியும். சின்னக் கத்தி வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. சுவரில் ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். அதில் மணிக்கு எத்தனை கண்ணாடி என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு அதிகமான மாதம் சம்பளத்தில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. டீ குடிக்கும்போதும் கண் சுவருக்குப் போகும். கழிப்பறையில் உட்கார்ந்திருந்தாலும் மனம் அந்த எண்ணைத்தான் எண்ணும்.

போன வருஷம் முதலாளி ஒரு கடிகாரக்காரனைக் கூட்டி வந்தார். அவன் எங்கள் பின்னால் நின்று ஒவ்வொரு அசைவையும் விநாடிக் கணக்கில் குறித்தான். கடைசியில் அவன் கண்டுபிடித்தது தாளை.

ஒரு கட்டியைச் சீவி முடித்ததும் தண்ணீர் மேல் மெல்லிய தாள் ஒன்றைப் படரவிட்டு இழுத்தெடுக்க வேண்டும். முந்தைய ஆளின் சதைத் துணுக்கு மிதந்துகொண்டிருந்தால் அடுத்த ஆளின் கண்ணாடியில் ஏறிவிடும். எங்கள் வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அதற்கு ஆகிற நேரம் எட்டு விநாடி. "ஒவ்வொரு கட்டிக்கும் எட்டு விநாடி தண்ணியத் துடைக்கிறதுக்கா? பத்துக்கு ஒரு தடவ போதும்" என்றார் முதலாளி. எழுதி ஒட்டவில்லை, வாயால்தான் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து தாள் வருவதும் நின்றது.

அன்று காலை ஒன்பது மணி இருக்கும். கீழே கவுண்டரில் இருக்கும் தங்கச்சி போன் செய்தாள்.

"அக்கா, ஒரு அம்மா வந்திருக்காங்க. நாளன்னிக்கு அவங்களுக்கு ஆபரேஷன், மார்ப எடுக்கப் போறாங்களாம். ஆஸ்பத்திரில படம் மட்டும் பத்தாது, கண்ணாடியும் வேணும்னு சொல்லிட்டாங்களாம். எடுத்துட்டு வாங்களேன்."

எண்ணைப் பார்த்து அலமாரியில் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். எட்டு நாளுக்கு முந்தையது. உறையில் போடுமுன் பழக்கதோஷத்தில் அதை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஊசி போட்டு எடுத்த சதை, நூல்போல மூன்று கீற்றுகள். மூன்றாவது கீற்றின் ஓரத்தில், கடுகில் பாதி இருக்கும், கருநீலமாக ஒரு புள்ளி. மற்றதெல்லாம் வெளிர் ரோஸ். எனக்கு அது பிடிக்கவில்லை.

காலி அறைக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் பழைய டாக்டரின் நுண்ணோக்கி உறை போட்டபடி இருந்தது. கண்ணாடியை வைத்துத் திருகைத் திருகினேன். மேலே திருகினால் புள்ளி தெளிந்து கீற்று மங்கியது. கீழே திருகினால் கீற்று தெளிந்து புள்ளி மங்கியது. மறுபடி மேலே, மறுபடி கீழே. ஏழெட்டுத் தடவை திருகியிருப்பேன். இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. அந்தப் புள்ளி அந்த அம்மாவின் சதைக்குள் இல்லை, அதன்மேல் வந்து படுத்திருந்தது. படத்தில் இது தெரியாது. யானை ஒரே ஒரு தளத்தைத்தான் படமெடுக்கும், திரையில் எல்லாம் தட்டையாகத்தான் கிடக்கும். திரையில் பார்த்த டாக்டர் புள்ளியைக் கண்டிருக்கிறார், புற்று என்று எழுதியிருக்கிறார். புள்ளி புற்றுதான். ஆனால் அது வேறொருத்தியுடைய புற்று.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் பதினோரு வருஷமாகக் கண்ணாடியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

கத்தி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். திருகை ஒரே ஒரு தடவை மேலும் கீழும் திருகினாள். நிமிர்ந்தாள்.

"என் தண்ணிதான்" என்றாள். "அன்னிக்கு இதுக்கு முன்னாடி சீவினது ஒரு பெரிய கட்டி. நொறுங்கி நொறுங்கி வந்துச்சு. திரை செவப்புல நின்னுச்சு. தொடைக்காமப் போனேன்டி."

"உன்ன யாரு தொடைக்க விட்டா?"

"அதெல்லாம் அப்புறம். அந்த அம்மா எங்க?"

ஒரு நொடி எனக்கு ஈனப் புத்தி வந்ததை மறைக்க விரும்பவில்லை. கண்ணாடியைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அக்காவின் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் மூன்று வருஷமாகக் கட்டிலில் இருக்கிறார். அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் அக்கா ஒருத்திதான். நான் நினைத்தது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அக்கா என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

"வா, மொதலாளிகிட்டப் போவோம்."

முதலாளிக்கு அன்று வேறு அவசரம். மறுநாள் ஒரு பெரிய மருத்துவமனைக்காரர்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுடைய கண்ணாடிகள் எல்லாம் இனி எங்களுக்கு வரும் என்று பேச்சு. நாங்கள் சொன்னதை அவர் போனைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"டாக்டர் பாத்து ரிப்போர்ட் குடுத்தாச்சு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?"

"அவரு படத்தத்தான் பாத்தாரு சார். நான் கண்ணாடியப் பாத்தேன்" என்றேன்.

"எதுல பாத்தே? அந்த மைக்ராஸ்கோப்ப விக்கச் சொன்னேனே?"

"நல்ல வேளை சார், யாரும் வாங்கல."

அவர் போனைக் கீழே வைத்தார். கத்தி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தண்ணிய ஏன் தொடைக்கல?"

"பத்துக்கு ஒண்ணு போதும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"நானா? எழுதிக் குடுத்தேனா? எங்க, காட்டு பாப்போம்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நாலு வரி எழுதி மேஜையில் தள்ளினார். என் சொந்தக் கவனக்குறைவால் தவறு நேர்ந்தது, நிறுவனத்துக்கு இதில் சம்பந்தமில்லை, நானே வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது.

"இதுல கையெழுத்துப் போடு. அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணி நிறுத்தறேன்."

"போடலேன்னா?" என்றேன் நான்.

"போடலேன்னா என்ன? ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்த அம்மாவின் மார்பையும் அக்காவின் வேலையையும் ஒரே மேஜையில் வைத்துப் பேரம் பேசுகிறோம் என்ற கூச்சம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை. அந்த மேஜையைப் புரட்டிப் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

கத்தி அக்கா கையை நீட்டினாள். "பேனா குடுங்க சார்."

"நானும் தொடைக்கல."

குரல் வாசலிலிருந்து வந்தது. யாருடையது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தால் சின்னக் கத்தி, கையுறையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். பின்னால் சாய அண்ணன்.

"நேத்து தொடைக்கல. முந்தா நாள் தொடைக்கல. இந்த வருஷம் பூரா தொடைக்கல சார். அந்தக் கண்ணாடி என் மேஜையிலேருந்தும் வந்திருக்கலாம். அக்கா மட்டும் எதுக்குப் போடணும்?"

மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, தன் குரலைத் தானே கேட்டு மிரண்டவளாகச் சாய அண்ணனைப் பார்த்தாள்.

"தாள் வரலேன்னு தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு சாயத்துல முக்கினேன்" என்றார் அண்ணன். "என் பேரையும் எழுதுங்க."

"யானைக்குள்ள தள்ளினது நான்" என்றேன். "எழுதறதுன்னா எல்லாரும் எழுதறோம் சார். ஆனா உங்க நாலு வரி இல்ல. யாரு தாள நிறுத்தினது, யாரு எட்டு விநாடிய எண்ணச் சொன்னதுன்னும் சேத்து எழுதறோம்."

"எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. நாளைக்கு வர்றவங்களுக்கு யானைய மட்டும் காட்டுங்க. அது தும்பிக்கையால சலாம் போடும்" என்றார் சாய அண்ணன்.

முதலாளி மேஜையில் ஓங்கி அடித்தார். நாங்கள் அதற்குள் படி இறங்கிக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள் வேலை செய்த வேகத்தைக் கடிகாரக்காரன் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்தோம். துடைக்கத் தாள் இல்லை. சாய அண்ணன் சாயம் வடிகட்டும் தாளைக் கொண்டுவந்தார். கத்தி அக்கா தொட்டியின் தண்ணீரையே மாற்றி, மேலே ஒரு தடவைக்கு மூன்று தடவை துடைத்து, புதிய கத்தி பூட்டிச் சீவினாள். முதல் சீவல் கிழிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் சீவல் கிழிந்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டாவது சரியாக வந்தது. நிறமேற்றி, மூடி, யானைக்குள் தள்ளி, படம் போனதும் நான் ரிப்போர்ட்டின் அடியில் இருந்த டாக்டரின் எண்ணுக்குப் போன் செய்தேன்.

"யாரு?"

"உங்களுக்குப் படம் அனுப்பறவ சார். மூணு வருஷமா அனுப்பறேன்."

நான் விஷயத்தையும் நாங்கள் எழுதப்போகும் கடிதத்தையும் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் மௌஸ் சொடுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"புதுப் படத்துல அது இல்ல" என்றார். "நீங்க போகஸ் மாத்திப் பாத்தீங்களா? மேலயா இருக்கு?"

"மேல இருக்கு சார்."

"ஐயோ." நாற்காலி நகரும் சத்தம். "ஒரு நாளைக்கு நூத்தம்பது படம்மா. ஒரு படத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல நின்னா இங்கயும் திரை செவப்பாகுது." பிறகு, "ரிப்போர்ட்ட நிறுத்தறேன். ஆஸ்பத்திரிக்கு இப்பவே நானே பேசறேன், கட்டிய மறுபடி முழுசாப் பாக்கணும், அதுவரைக்கும் கத்தி வைக்காதீங்கன்னு. நீங்க எழுதற கடிதத்துல எனக்கும் கீழ ஒரு இடம் விடுங்க" என்றார்.

அவர் ஏதோ பெரிய அறையில் ஏசிக் குளிரில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கடிதத்தை நான் எழுதினேன். கவுண்டர் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிகள் இரண்டையும் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு கத்தி அக்கா தானே கீழே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டை தைக்கும் ஆலையின் சீருடையில், பாதி நாள் அனுமதி வாங்கி வந்திருந்தாள். அக்கா எதையும் மறைக்கவில்லை. தண்ணீர், தாள், துணுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். "அத ஏந்தினது இந்தக் கைதான்" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

அந்த அம்மா அழவில்லை. கும்பிடவும் இல்லை.

"எட்டு நாளாச்சு" என்றாள். "எட்டு நாளா என் புள்ளைங்க மொகத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். யாரு வீட்டுல எந்தப் புள்ளைய விடறதுன்னுகூடப் பேசி முடிச்சுட்டோம். ஒரு தாளு. ஒரு தாளு இழுக்க உங்களுக்கு நேரமில்லையா?"

அக்கா தலை குனிந்து நின்றாள். அந்த அம்மா உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடிக் கதவு ஆடி அடங்கும்வரை அக்கா அங்கேயே நின்றாள்.

மாலையில் அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. நாளை முதல் வரவேண்டாம்.

மறுநாள் ஐந்தரைக்கு அக்கா வந்து தன் அட்டையைக் கதவில் வைத்தாள். சிவப்பு விளக்கு. சாய அண்ணன் தன் அட்டையை வைத்துக் கதவைத் திறந்து, முதுகால் அண்டை கொடுத்து நின்றுகொண்டார். காவல்காரர் எங்களைப் பார்த்தார், பிறகு சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "இந்த நேரத்துல எனக்கு யாரு வர்றா, போறான்னே தெரியாதுப்பா" என்றார்.

நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. எங்கோ ஒருத்தி தன் ரிப்போர்ட்டுக்காகத் தூங்காமல் காத்திருக்கும்போது எங்களால் கை கட்டி உட்கார முடியாது. அதனால் ஒன்று முடிவு செய்திருந்தோம். வேலையை வேலையாகச் செய்வது. ஒரு கட்டி சீவு, தண்ணீரைத் துடை. அடுத்ததைச் சீவு, தண்ணீரைத் துடை. எண்ணைச் சரிபார். யானைக்குள் போகுமுன் ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் பார். நுண்ணோக்கியை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

ஆறரைக்குத் திரை மஞ்சளானது. ஏழுக்குச் சிவந்தது. பழக்கத்தில் என் கால் பரபரத்தது, கழுத்து தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. சின்னக் கத்தி எழுந்து போய்த் தன் துண்டைத் திரைமேல் போட்டுவிட்டு வந்தாள்.

ஏழரைக்கு முதலாளி ஓடிவந்தார். பத்து மணிக்கு அவருடைய விருந்தாளிகள்.

"ஏன் எல்லாம் நின்னு போச்சு?"

"நிக்கல சார்" என்றாள் கத்தி அக்கா, சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தொடைக்கிறோம்."

"நீ எப்படி உள்ள வந்தே?"

"அவங்க இல்லாம நாங்க சீவ மாட்டோம்" என்றாள் சின்னக் கத்தி.

"இன்னிக்குப் போயா இப்படிப் பண்ணுவீங்க?"

"இனிமே எல்லா நாளும் இப்படித்தான் சார்" என்றேன். "அவங்க வரட்டும். எட்டு விநாடி எதுக்குன்னு நாங்களே காட்டறோம். கடிதத்தையும் குடுக்கறோம்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எவரை முதலில் அனுப்புவது என்று மனத்துக்குள் அளப்பது தெரிந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாருக்குப் பேசினார், என்ன செய்யப்போகிறார், எங்களுக்குத் தெரியாது. பயம் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

அடுத்த ஊர்க் கிளையிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. முகம் தெரியாத ஒரு சீவல்காரி. "நீங்க தொடைக்கிறீங்களாமே? டாக்டர் சொன்னாரு. நாங்களும் ஆரம்பிச்சுட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எட்டு மணிக்குச் சாய அண்ணன் வடிகட்டும் தாள் கட்டைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒன்பது தாள் மிச்சம். தட்டில் அறுபது கட்டிகள். கத்தி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். துடைக்கத் தாள் தீர்ந்தால் மறுபடி பழைய கதைதான், அல்லது கை கட்டி உட்கார வேண்டும். இரண்டுமே முதலாளிக்குத்தான் தோது.

கதவு தட்டப்பட்டது. கவுண்டர் தங்கச்சி. அவளுக்குப் பின்னால் அதே சீருடையில் நேற்று வந்த அம்மா. கூடவே அதே சீருடையில் இன்னும் இரண்டு பெண்கள். அக்கா சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

அந்த அம்மாவின் கக்கத்தில் கனமான ஒரு பொட்டலம் இருந்தது. அதைக் கத்தி அக்காவின் மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே மெல்லிய வெள்ளைத் தாள், அடுக்கடுக்காக.

"ஆபரேஷன நிறுத்திட்டாங்க. திரும்பப் பாக்கணுமாம்" என்றாள். நேற்றைய கோபம் முகத்திலிருந்து முழுக்கப் போகவில்லை. "ராத்திரி அந்தக் கடிதத்த மூணு தடவ படிச்சேன். எங்க ஆலையிலயும் ஒருத்தன் பின்னாடி நின்னு விநாடி எண்ணறான். போன மாசம் ஒருத்தி வெரல்ல ஊசி ஏறிடுச்சு, அவ கவனக்கொறவுன்னு எழுதி வாங்கினாங்க. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

அவள் ஒரு தாளை உருவி அக்காவிடம் நீட்டினாள்.

"சட்டைய மடிக்கும்போது உள்ள வைக்கிற தாளு. இது ஆகுமா?"

கத்தி அக்கா தாளைத் தண்ணீரின்மேல் படரவிட்டாள். அது ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியது. கிழியவில்லை. மெதுவாக, விளிம்புவரை இழுத்துத் தூக்கினாள். நாங்கள் எல்லாரும் தொட்டியை எட்டிப் பார்த்தோம், அந்த மூன்று பெண்களும் சேர்ந்து. தண்ணீரில் எதுவுமே மிதக்கவில்லை.

"ஆகும்" என்றாள் அக்கா. உட்கார்ந்து, அடுத்த கட்டியைப் பனியிலிருந்து எடுத்தாள்.